தொலைபேசியின் திறப்புக்கொத்து யாரிடம்? அன்ட்ரொயிட் 'ரூட்' செய்தல் பற்றிய விளக்கம்

பாடம்: தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல்
தொடர்புடைய அலகுகள்: பணிசெயல் முறைமை, தகவல் தொடர்பாடல் தொழினுட்பமும் சமூகமும்



"காசு கொடுத்து வாங்கிய தொலைபேசி. அதிலே முதலே போட்டு வந்த ஒரு செயலியை அழிக்க முடியவில்லை. ஏன் சேர்?" பணிசெயல் முறைமை அலகைத் தொடங்கும்போது வகுப்பில் தவறாமல் எழும் வினா இது. அடுத்த வினாவும் உடனே வரும். "ரூட் பண்ணினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்களே, செய்யலாமா?"

இவ்விரு வினாக்களுக்கும் விடை உங்கள் பாடப்பரப்பிலேயே உள்ளது. பயனர், அனுமதி, கோப்பு முகாமை, பாதுகாப்பு ஆகிய சொற்களை மனனம் செய்து எழுதுவோர் பலர். அவை ஒரு தொலைபேசியினுள் எவ்வாறு தொழிற்படுகின்றன என்று விளங்கிக் கொண்டோர் சிலரே. இக்கட்டுரையை வாசித்து முடிக்கும்போது நீங்கள் அந்தச் சிலருள் ஒருவராக வேண்டும்.

1. 'ரூட்' என்றால் என்ன?

அன்ட்ரொயிட் என்பது ஒரு பணிசெயல் முறைமை. அதன் கரு எனப்படும் உட்பகுதி லினக்ஸ் ஆகும். லினக்ஸானது யுனிக்ஸ் முறைமையைப் பின்பற்றி 1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவரால் ஆரம்பிக்கப்பட்டது. யுனிக்ஸ் வழிவந்த முறைமைகளில் ஒவ்வொரு பயனருக்கும் ஓர் இலக்கம் உண்டு. அவற்றுள் 0 என்ற இலக்கத்தை உடைய பயனரே 'ரூட்' ஆவார். இவருக்கு எந்தக் கோப்பையும் வாசிக்கவும் மாற்றவும் அழிக்கவும் அனுமதி உண்டு.

ரூட் என்ற சொல்லுக்கு 'வேர்' என்பது பொருள். கோப்புறைகள் ஒரு மரம்போலக் கிளைத்துச் செல்கின்றன அல்லவா? அம்மரத்தின் வேரிலிருந்து நுனிவரை கைவைக்கக்கூடியவர் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பாடசாலையை எடுத்துக்கொள்வோம். 10 ஆம் வகுப்பு அலுமாரியின் திறப்பு அவ்வகுப்பாசிரியரிடம் இருக்கும். அதைக்கொண்டு 11 ஆம் வகுப்பு அலுமாரியைத் திறக்க முடியாது. ஆனால் எல்லாத் திறப்புகளும் கோத்த கொத்து ஒன்று அதிபரின் அறையில் தொங்கும். அந்தத் திறப்புக்கொத்துக்கு ஒப்பானதே ரூட் அனுமதி.

அன்ட்ரொயிட்டில் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனிப் பயனர் இலக்கம் வழங்கப்படுகிறது. ஆகவே ஒரு விளையாட்டுச் செயலி, உங்கள் வங்கிச் செயலியின் கோப்புறையைத் திறக்க முயன்றால் கருவானது இலக்கத்தைச் சரிபார்த்து மறுத்துவிடும். பணிசெயல் முறைமையானது பணிசெயல் முறைமைக் கோப்புகளுள்ள பிரிவை 'வாசிப்பு மாத்திரம்' என்ற நிலையில் வைத்திருக்கும். முதலே நிறுவப்பட்ட செயலிகள் பல இப்பிரிவில்தான் உள்ளன. அவற்றை உங்களால் அழிக்க முடியாமைக்குக் காரணம் இதுவே.

இங்கு ஒரு விடயத்தைக் கவனியுங்கள். தொலைபேசியின் சொந்தக்காரர் நீங்கள். ஆனால் பணிசெயல் முறைமையின் கண்ணில் நீங்கள் ஒரு சாதாரண பயனர் மட்டுமே. திறப்புக்கொத்தை உற்பத்தியாளர் உங்களிடம் தரவில்லை. அதை எவ்வழியிலேனும் பெற்றுக்கொள்ளும் செயலே 'ரூட் செய்தல்' எனப்படும்.

2. குழப்பிக்கொள்ளக் கூடாத நான்கு சொற்கள்

(அ) பூட்லோடர் பூட்டைத் திறத்தல்: தொலைபேசிக்கு மின் வழங்கியதும் முதலில் இயங்கும் சிறு செய்நிரல்களுள் ஒன்று பூட்லோடர். பணிசெயல் முறைமையை நினைவகத்துக்கு ஏற்றுவது இதன் வேலை. பூட்டிய நிலையில், உற்பத்தியாளரின் ஒப்பமுள்ள முறைமையை மட்டுமே இது ஏற்றும்.

(ஆ) ரூட் செய்தல்: இயங்கிக்கொண்டிருக்கும் முறைமையினுள் 0 இலக்கப் பயனரின் அனுமதியைப் பெறுதல்.

(இ) வேறு முறைமையை நிறுவுதல்: உற்பத்தியாளர் தந்த அன்ட்ரொயிட்டை நீக்கிவிட்டு, பிறர் தயாரித்த அன்ட்ரொயிட் பதிப்பொன்றை இடுதல். இதற்குப் பூட்லோடர் திறந்திருக்க வேண்டும். ரூட் அனுமதி எப்போதும் தேவை என்றில்லை.

(ஈ) சிம் பூட்டைத் திறத்தல்: ஒரு தொலைபேசி வலையமைப்பின் சிம் அட்டைக்கு மட்டும் கட்டுப்படுத்தப்பட்ட தொலைபேசியை ஏனைய வலையமைப்புகளுக்கும் திறந்துவிடுதல். மேற்கூறிய மூன்றுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை.

3. ஓர் உண்மைச் சம்பவம்: முதலாவது அன்ட்ரொயிட் தொலைபேசி

விற்பனைக்கு வந்த முதலாவது அன்ட்ரொயிட் தொலைபேசி, எச்.ரி.சி. நிறுவனம் தயாரித்த 'ட்றீம்' ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் 2008 ஒக்ரோபரில் ரி-மொபைல் நிறுவனம் இதனை 'ஜீ1' என்ற பெயரில் விற்றது.

இதன் உள்ளகச் சேமிப்பு 256 மெகாபைற். அதில் பயனர் செயலிகளை நிறுவுவதற்கு எஞ்சியது ஏறத்தாழ 70 மெகாபைற் மட்டுமே. நினைவக அட்டை இடுவதற்கு இடம் இருந்தது. அவ்வட்டையில் பாட்டும் படமும் சேமிக்கலாம். செயலியை நிறுவ முடியாது. அட்டையில் ஜிகாபைற் கணக்கில் இடம் சும்மா கிடக்க, 'சேமிப்பிடம் போதாது' என்ற செய்தியே பயனருக்குக் கிடைத்தது.

2008 நவம்பரில் ஒரு விசித்திரமான வழு வெளிப்பட்டது. அத்தொலைபேசியின் ஆரம்ப மென்பொருளில், விசைப்பலகையில் தட்டச்சு செய்யும் ஒவ்வோர் எழுத்தும் திரைக்குப் பின்னால் இயங்கிய ஒரு கட்டளைச் சாளரத்துக்கும் சென்றுகொண்டிருந்தது. அச்சாளரம் ரூட் அனுமதியுடன் இயங்கியது. ஆகவே 'மறுதொடக்கம் செய்' என்பதற்கான ஆங்கிலக் கட்டளைச் சொல்லை ஒருவர் சாதாரண குறுஞ்செய்தி ஒன்றில் எழுதி 'என்ரர்' விசையை அழுத்தினாலும், தொலைபேசி உண்மையாகவே மறுதொடக்கம் ஆனது!

இதை அறிந்த பயனர்கள் அவ்வழியாகவே ரூட் அனுமதியைப் பெற்றார்கள். நிறுவனம் அதே மாதத்தில் இற்றைப்படுத்தல் ஒன்றை அனுப்பி அந்த ஓட்டையை அடைத்தது. அடைத்தது சரியா, பிழையா? பயனருக்குச் சுதந்திரம் தந்த வழி அது. அதே வழியால், பயனர் விரும்பாத கட்டளையும் உள்ளே போகலாம். இவ்விரண்டையும் ஒருங்கே சிந்தியுங்கள்.

2008 டிசெம்பரில் கூகிள் நிறுவனம் இதே வன்பொருளைக் கொண்ட தொலைபேசியொன்றை, பூட்டு எதுவும் இன்றி, மென்பொருள் உருவாக்குநர்களுக்கு விற்றது. வன்பொருள் ஒன்றே, பூட்டு மட்டுமே வேறு. எனவே பூட்டு என்பது வன்பொருளின் இயலாமை அன்று, விற்பவரின் தீர்மானம் என்பது தெளிவாகிறது.

ரூட் அனுமதி கிடைத்ததும் பயனர்கள் நினைவக அட்டையில் தனிப்பிரிவொன்றை அமைத்து, செயலிகளை அங்கே வைக்கத் தொடங்கினார்கள். ஸ்ரீவ் கொண்டிக் என்பவர் 'சயனோஜென்மொட்' என்ற மாற்றுப் பதிப்பை 2009 இல் வெளியிட்டார். ஜீ1 தொலைபேசிக்கு உத்தியோகபூர்வமாகக் கிடைத்த இறுதிப் பதிப்பு 1.6 (2009). ஆனால் சயனோஜென்மொட் மூலம் அதே தொலைபேசியில் 2.2 பதிப்பும் இயங்கியது. நினைவக அட்டையில் செயலிகளை நிறுவும் வசதி அன்ட்ரொயிட்டில் உத்தியோகபூர்வமாக வந்தது இந்த 2.2 பதிப்பில், 2010 இல் தான். சயனோஜென்மொட் திட்டம் 2016 டிசெம்பரில் நிறுத்தப்பட்டது. அதன் வழித்தோன்றலாக 'லினியேஜ் ஓ.எஸ்.' தொடர்ந்தது.

4. தமிழ் எழுத்தும் ரூட் அனுமதியும்

நமக்கு நெருக்கமான இன்னோர் உதாரணத்தை நோக்குவோம். ஆரம்பகால அன்ட்ரொயிட் பதிப்புகளில் தமிழ் எழுத்துரு சேர்க்கப்பட்டிருக்கவில்லை. தமிழ் இணையத்தளத்தைத் திறந்தால் எழுத்துகளுக்குப் பதிலாக வெற்றுச் சதுரங்களே வரிசையாகத் தோன்றின. எழுத்துரு என்பது ஒரு கோப்பு. அதை முறைமைப் பிரிவிலுள்ள எழுத்துருக் கோப்புறையில் இட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் அப்பிரிவு 'வாசிப்பு மாத்திரம்' நிலையில் இருந்தது. எனவே பலர் தமிழ் வாசிப்பதற்காகவே தொலைபேசியை ரூட் செய்தார்கள்.

சதுரங்கள் மறைந்து எழுத்துகள் தோன்றின. ஆயினும் புதிய சிக்கல் ஒன்று எழுந்தது. 'கெ' என்பதை எழுதும்போது கொம்பு, ககரத்துக்கு முன்னால் வரவேண்டும். ஆனால் சேமிக்கப்படும் ஒழுங்கில் ககரம் முதலிலும் கொம்பு பின்னரும் இருக்கும். திரையில் காட்டும்போது இடம் மாற்றி அடுக்குவது எழுத்துருக் கோப்பு மட்டும் செய்யும் வேலையன்று. முறைமையிலுள்ள எழுத்தடுக்கும் மென்பொருட் பகுதியும் அதற்கு ஆயத்தமாக இருக்கவேண்டும். அப்பகுதியில் தமிழுக்கான ஏற்பாடு இல்லாத தொலைபேசிகளில் கொம்பு பின்னால் நின்றது. சொற்கள் சிதைந்து தெரிந்தன.

ரூட் அனுமதி பூட்டைத் திறக்கும். உள்ளே இல்லாத பொருளை அது உண்டாக்காது. பிற்காலப் பதிப்புகளில் தமிழ் எழுத்துருவும் அடுக்கும் வசதியும் முறைமையிலேயே சேர்க்கப்பட்ட பின்னரே அக்குறை முற்றாக நீங்கியது.

5. ரூட் செய்வதால் கிடைக்கும் நன்மைகள்

• முதலே நிறுவப்பட்ட, தேவையற்ற செயலிகளை நீக்கலாம்.
• உற்பத்தியாளர் இற்றைப்படுத்தலை நிறுத்திவிட்ட பழைய தொலைபேசியில், பூட்லோடர் திறக்கக்கூடியதாக இருந்தால், புதிய பதிப்பை நிறுவி அதன் ஆயுளை நீட்டலாம்.
• செயலிகளின் தரவு உட்பட முழுமையான காப்புப் பிரதி எடுக்கலாம்.
• பணிசெயல் முறைமை எவ்வாறு இயங்குகிறது என்பதை நேரடியாகக் கற்கலாம்.

6. இழப்புகளும் ஆபத்துகளும்

(அ) தரவு இழப்பு: பூட்லோடர் பூட்டைத் திறக்கும்போது பெரும்பாலான தொலைபேசிகளில் பயனரின் தரவு முழுவதும் அழிக்கப்படும். இது வழு அன்று, திட்டமிட்ட பாதுகாப்பு. திருடிய ஒருவர் பூட்டைத் திறந்து உங்கள் புகைப்படங்களைப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

(ஆ) தொலைபேசி செயலிழத்தல்: வேறு மாதிரிக்குரிய கோப்பை இட்டாலோ, எழுதும் நடுவில் மின் நின்றாலோ தொலைபேசி தொடங்காமலே போகலாம். திருத்துநர்கள் இதனைத் தொலைபேசி 'டெட்' ஆகிவிட்டது என்பார்கள்.

(இ) உத்தரவாதம்: பல உற்பத்தியாளர்கள் உத்தரவாதத்தை மறுப்பர். 2013 முதல் சம்சுங் நிறுவனத்தின் பல தொலைபேசிகளில் 'நொக்ஸ்' எனும் பாதுகாப்பு ஏற்பாட்டுடன் ஒரு மின் உருகி உள்ளது. ஒப்பமற்ற முறைமையை ஏற்றியவுடன் அது எரிந்த நிலைக்கு மாறும். பின்னர் பழைய மென்பொருளை மீள நிறுவினாலும் அடையாளம் மாறாது.

(ஈ) சில செயலிகள் இயங்காமை: வங்கி, பணக்கொடுப்பனவுச் செயலிகள் பல, தொலைபேசியின் முறைமை மாற்றப்பட்டுள்ளதா எனச் சோதிக்கும். மாற்றப்பட்டிருப்பின் இயங்க மறுக்கும்.

(உ) தீம்பொருள்: இதுவே மிக முக்கியமானது. 2011 மார்ச்சில் 'ட்றொயிட் ட்றீம்' எனும் தீம்பொருள் அன்ட்ரொயிட் செயலிச் சந்தையில் 50 இற்கும் மேற்பட்ட செயலிகளில் ஒளிந்திருந்தமை கண்டுபிடிக்கப்பட்டது. தொலைபேசியை ரூட் செய்ய விரும்பியோர் பயன்படுத்திய அதே ஓட்டைகளையே இத்தீம்பொருளும் பயன்படுத்தி, பயனர் அறியாமல் ரூட் அனுமதியைப் பெற்றது. கூகிள் நிறுவனம் அச்செயலிகளைச் சந்தையிலிருந்து அகற்றியதோடு, தொலைபேசிகளிலிருந்தும் தொலைவிலிருந்தே நீக்கியது. புதிய பதிப்புகளில் அவ்வோட்டைகள் ஏற்கெனவே அடைக்கப்பட்டிருந்தன. பாதிக்கப்பட்டவை இற்றைப்படுத்தப்படாத தொலைபேசிகளே.

இப்போது ஜீ1 தொலைபேசியின் சம்பவத்தில் கேட்ட வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது அல்லவா? பூட்டின் ஓட்டை ஆளைப் பார்த்துத் திறப்பதில்லை. சொந்தக்காரனுக்குத் திறக்கும் ஓட்டை கள்வனுக்கும் திறக்கும். அதேவேளை, இற்றைப்படுத்தல் வழங்குவதை உற்பத்தியாளரே நிறுத்திவிட்டால் ஓட்டைகள் அடைக்கப்படாமலே கிடக்கும். அப்போது பூட்டி வைப்பதாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. இரு பக்கமும் உண்மை உண்டு. "ரூட் செய்வது நல்லது" என்றோ "கெட்டது" என்றோ ஒற்றை வரியில் விடை எழுதினால் புள்ளி குறையும்.

7. ரூட் இன்றியே தீரும் தேவைகள்

ஒரு காலத்தில் ரூட் அனுமதி வேண்டியிருந்த பல வேலைகள் பின்னர் அன்ட்ரொயிட்டிலேயே சேர்க்கப்பட்டன.

• செயலிகளை நினைவக அட்டையில் நிறுவுதல்: 2.2 பதிப்பு (2010)
• திரையைப் படம்பிடித்தல்: 4.0 பதிப்பு (2011)
• முதலே நிறுவப்பட்ட பல செயலிகளை முடக்கிவைத்தல்: 4.0 பதிப்பு (2011)
• கமரா, தொடர்புப் பட்டியல் போன்றவற்றுக்கான அனுமதியை ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியே வழங்குதல் அல்லது மறுத்தல்: 6.0 பதிப்பு (2015)

ஆகவே அழிக்க முடியாத செயலியைக் கண்டதும் ரூட் செய்ய ஓடவேண்டியதில்லை. அமைப்புகள் பகுதியில் 'முடக்கு' என்ற தெரிவு உள்ளதா என முதலில் பாருங்கள். முடக்கிய செயலி பின்னணியில் இயங்காது, மின்கலத்தை உறிஞ்சாது. சேமிப்பிடத்தில் ஒரு பகுதியை மட்டும் அது பிடித்துக்கொண்டிருக்கும்.

8. சட்டமும் ஒழுக்கமும்

ஐக்கிய அமெரிக்காவில் 2010 யூலையில், சட்டபூர்வமாகப் பெற்ற செயலிகளை இயக்கும்பொருட்டுத் தொலைபேசியின் பூட்டை நீக்குவதற்குப் பதிப்புரிமைச் சட்டத்திலிருந்து விலக்களிக்கப்பட்டது. சொந்தப் பொருளை மாற்றியமைக்கும் உரிமை பற்றிய விவாதத்தில் இது ஒரு முக்கிய தீர்மானமாகும்.

இலங்கையில் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி, பிறருடைய கணினியை அதிகாரமின்றி அணுகுதல் குற்றமாகும். எனவே நண்பனின் தொலைபேசியையோ பாடசாலையின் தொலைபேசிக் கணினியையோ உரியவரின் அனுமதியின்றிக் கைவைப்பது விளையாட்டு அன்று.

வீட்டில் உள்ள ஒரே தொலைபேசியைப் பற்றியும் சொல்லவேண்டும். அம்மாவின் வங்கிச் செயலி, வெளிநாட்டிலிருந்து அண்ணா எடுக்கும் அழைப்பு, தங்கையின் பாடக் குறிப்புகள், இறந்துபோன அம்மம்மாவின் புகைப்படம் எல்லாம் அந்த ஒன்றிலேயே இருக்கக்கூடும். அதன் திறப்புக்கொத்தைத் தேடும் தீர்மானம் உங்கள் ஒருவருடையது மட்டும் அன்று. கற்றுப் பார்க்க ஆசையெனில், ஒருவரும் பயன்படுத்தாத பழைய தொலைபேசி ஒன்றைப் பெற்றோரிடம் கேட்டு வாங்குங்கள். ஆர்வம் நல்லது, அதற்கு மற்றவர்களின் தரவைப் பலியிடவேண்டாம்.

9. தீர்மானிக்கும் முன் கேட்கவேண்டிய ஐந்து வினாக்கள்

1. என் தேவை சரியாக எது?
2. அதைத் தடுப்பது பூட்டா, அல்லது வசதியே இல்லாமையா?
3. ரூட் இன்றிச் செய்ய வழி உண்டா?
4. காப்புப் பிரதி எடுத்தாயிற்றா?
5. பிழைத்தால் இழப்பு யாருக்கு?

10. பயிற்சி வினாக்கள்

பகுதி I

1. யுனிக்ஸ் வழிவந்த முறைமைகளில் ரூட் பயனரின் இலக்கம் யாது?
(1) 0 (2) 1 (3) 100 (4) 1000

2. பூட்லோடரின் பிரதான பணி எது?
(1) எழுத்துருக்களைச் சேமித்தல்
(2) பணிசெயல் முறைமையை நினைவகத்துக்கு ஏற்றல்
(3) செயலிகளைத் தரவிறக்கல்
(4) சிம் அட்டையைப் பூட்டுதல்

3. அன்ட்ரொயிட்டில் ஒரு செயலி மற்றொன்றின் கோப்புகளைத் திறக்க முடியாமைக்குப் பிரதான காரணம் யாது?
(1) சேமிப்பிடம் போதாமை
(2) செயலிகள் வெவ்வேறு நிறுவனங்களுடையவை என்பதால்
(3) ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பயனர் இலக்கம் வழங்கப்பட்டிருத்தல்
(4) இணைய இணைப்பு இன்மை

விடைகள்: 1 - (1), 2 - (2), 3 - (3)

பகுதி II

மாணவி ஒருத்தி தன் தந்தையின் தொலைபேசியில் முதலே நிறுவப்பட்டுள்ள விளையாட்டுச் செயலியொன்றை நீக்க விரும்புகிறாள். ஒரே அழுத்தில் ரூட் செய்யும் எனக் கூறப்படும் மென்பொருளொன்றை இணையத்திலிருந்து தரவிறக்க எண்ணுகிறாள்.

(அ) அச்செயலியை அவளால் நீக்க முடியாமைக்குக் காரணம் என்ன? (2 புள்ளிகள்)
(ஆ) அம்மென்பொருளைப் பயன்படுத்துவதிலுள்ள இரு ஆபத்துகளைக் குறிப்பிடுக. (4 புள்ளிகள்)
(இ) அவளுக்குப் பொருத்தமான மாற்று வழியொன்றைக் காரணத்துடன் தருக. (4 புள்ளிகள்)

விடைக் குறிப்பு

(அ) செயலி முறைமைப் பிரிவில் உள்ளது. அப்பிரிவு 'வாசிப்பு மாத்திரம்' நிலையில் உள்ளமையால் சாதாரண பயனருக்கு மாற்றும் அனுமதி இல்லை.

(ஆ) அம்மென்பொருளே தீம்பொருளாக இருக்கலாம். ரூட் அனுமதி அதன் கைக்குச் சென்றால் ஏனைய செயலிகளின் தரவையும் அது வாசிக்கலாம். தொலைபேசி செயலிழக்கலாம். உத்தரவாதம் அற்றுப்போகலாம். வங்கிச் செயலி இயங்காது போகலாம். (ஏதேனும் இரண்டு, விளக்கத்துடன்)

(இ) அமைப்புகள் பகுதியில் அச்செயலியை முடக்குதல். முறைமைக் கோப்புகள் மாறாது, தரவு அழியாது, வேண்டுமாயின் மீள இயக்கலாம்.

(இ) பகுதிக்கு "முடக்கலாம்" என்று மட்டும் எழுதினால் முழுப் புள்ளி கிடைக்காது. வினாவில் 'காரணத்துடன்' என்ற சொல் இருப்பதைக் கவனியுங்கள். இவ்வினாக்களுக்கு முதலில் புத்தகத்தை மூடிவைத்து விடை எழுதுங்கள். பின்னர் 2 ஆம், 6 ஆம் பகுதிகளை மீண்டும் ஒருமுறை வாசித்து விடைகளைத் திருத்திக்கொள்ளுங்கள்.